மூன்று நிமிடம் எழுபத்தெட்டு

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அவள் மேசைக்கு ஒன்பது பக்க அறிக்கை ஒன்று வந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். இரண்டு ஏற்கெனவே போட்டாகிவிட்டது. மூன்றாவது அவளுடையது. 'மதியத்துக்குள் வேண்டும்' என்று மேனேஜர் பென்சிலால் எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு இழுத்திருந்தார்.

படிக்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்று அவளுக்கு ஆபீஸில் பேர். ஐந்தாவது மாடியில் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது எழுதிய கணினி நிரல் அவள் பார்வைக்கு வந்தால், ஒவ்வொரு வரியையும் கூண்டில் ஏற்றி விசாரிப்பாள். அந்தக் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மானிட்டர் செய்தது. நோயாளியின் படுக்கைத் தலைமாட்டில் நின்று இதயத் துடிப்பையும் மூச்சையும் காட்டும் பெட்டி. அந்தப் பெட்டியின் நெட்வொர்க் அட்டையை இயக்கும் டிரைவர் நிரல் அவள் பொறுப்பு. மாமியாருக்கு இது என்ன வேலை என்று பதினோரு வருஷமாகப் பிடிபடவில்லை. 'மருமக பெரிய கம்பெனியில டிரைவர்' என்று அவர் அக்கம்பக்கத்தில் சொல்லிவைக்க, பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் காலை ஆறு மணிக்குப் பெட்டி படுக்கையோடு வந்து, ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவிட முடியுமா என்று கேட்டார்.

அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஒரு ஆஸ்பத்திரி. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஐம்பத்திரண்டு வயது வெல்டர். மதியம் இரண்டு முப்பத்தெட்டுக்கு அவர் இதயத் துடிப்பு முப்பத்தொன்றுக்கு இறங்கியது. மானிட்டர் உடனே செவிலியர் மேசைக்கு எச்சரிக்கை அனுப்பியது. பணியில் இருந்த செவிலி எழுந்து வரவில்லை. மாறாக, இரண்டு நாற்பதுக்குத் தன் குறிப்பேட்டில் 'துடிப்பு 78, சீராக உள்ளது' என்று எழுதினாள். இரண்டு நாற்பத்தொன்றுக்கு மேல்தான் ஓடிவந்தாள். வெல்டரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் வலது கை விளங்கவில்லை, பேச்சும் குழறுகிறது.

ஏழாம் பக்கத்தில் முடிவுரை: 'கருவி முறையாக இயங்கியது. எச்சரிக்கை உரிய நேரத்தில் அனுப்பப்பட்டது. செவிலியின் குறிப்பு உண்மைக்கு மாறானது.'

பொய் எழுதினாள் என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது.

அவள் அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த பதிவை வரவழைத்துப் பார்த்தாள். பெட்டி தான் செய்வதையெல்லாம் நேரத்தோடு உள்ளுக்குள் எழுதிவைக்கும். இரண்டு முப்பத்தெட்டு, ஆறாவது நொடி: 'எச்சரிக்கை அனுப்பப்பட்டது.' அதற்கு அடுத்த வரி இரண்டு நாற்பத்து நான்குக்கு, யாரோ மின் இணைப்பைப் பிடுங்கிச் செருகிய பிறகு வந்த வரி. நடுவில் ஒன்றுமில்லை. நொடிக்கு நாலு வரி எழுதும் பெட்டி கிட்டத்தட்ட ஆறு நிமிடம் வாய் மூடிக் கிடந்திருக்கிறது.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். அந்த நிரலில் 'அனுப்பப்பட்டது' என்ற வரி அனுப்புவதற்கு முன்னால் எழுதப்படுகிறது. தபால் பெட்டியில் கடிதம் விழுமுன்னே 'போட்டாச்சு' என்று டைரியில் எழுதிக்கொள்வது மாதிரி. போகும் வழியில் விழுந்து செத்தாலும் டைரி போட்டாச்சு என்றுதான் சொல்லும்.

டிரைவர் கோப்பைத் திறந்து, எந்த வரி என்று தேடாமலே நேராக அங்கே போனாள். இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் சண்டை பிடித்த அதே வரி, வெளியிலிருந்து மூளையைக் கூப்பிடும் 'இன்டரப்ட்' என்ற அழைப்பைக் கேட்காமலே திறந்துவிடும் வரி.

டீம் லீடுக்கு ஆபீஸில் 'அப்புறம் சார்' என்று பேர். எதைக் கொண்டுபோனாலும் 'அப்புறம் பார்க்கலாம்' என்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் முதலில் போன் செய்கிறவர் அவர்தான். அறிக்கையின் முதல் கையெழுத்து அவருடையது. அவள் நேரே அவர் மேசைக்குப் போய் நின்றாள்.

"சார், இந்த அனுப்புற ஃபங்ஷன் இன்டரப்ட்டை மூடி வெச்சிருக்கும்போதும் கூப்பிடப்படுது. தெரியும்தானே?"

"தெரியும்."

"மூடி இருக்கும்போது கூப்பிட்டா, வேலையை முடிச்சுட்டு மூடியது மூடினபடியே விட்டுட்டு வரணும். இது வெளிய வரும்போது எதுவுமே பார்க்காம திறந்து விட்டுட்டு வருது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சொன்னேன்."

"சொன்னீங்க. நானும் குறிச்சு வெச்சேன். ரிலீஸ் முடிஞ்சதும் அப்புறம் பார்க்கலாம்னு..."

"எல்லாத்துக்கும் அடியில ஓடற கெர்னலே எச்சரிக்கை கொடுக்குமே சார்! 'இன்டரப்ட்டைத் திறந்து விட்டுட்டே'ன்னு ஒவ்வொரு தடவையும் பதிவுல எழுதுமே. பெட்டி பதிவுல அதை ஒரு இடத்துலயும் காணோமே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது... டெமோ சமயத்துல திரை பூரா அந்த வரிதான் ஓடிட்டு இருந்துச்சு. பார்க்க அசிங்கமா இருந்துச்சு. வராம நிறுத்தி வெச்சேன்."

"தப்பை நிறுத்தலை. தப்புன்னு சொன்ன வாயை நிறுத்திட்டீங்க."

"கத்தாதீங்க மேடம். எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும்!"

"அது நடக்கணும்னா சரியா அந்த நொடியில அட்டைக்கு வெளியிலேர்ந்து செய்தி வரணும். பத்தாயிரத்துல ஒண்ணு."

"வெளிய நம்ம பெட்டி எத்தனை இருக்கு?"

"நாலாயிரம் இருக்கும்."

"ஒரு பெட்டி நாளைக்கு இருபது எச்சரிக்கையாவது அனுப்பும். பெருக்கிப் பாருங்க சார். எண்பதாயிரம். உங்க பத்தாயிரத்துல ஒண்ணு, தினமும் எட்டு."

அவர் பெருக்கிப் பார்த்தாரோ என்னவோ, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். "நடந்ததுன்னு காட்ட முடியுமா? காட்டுங்க. அப்புறம் பேசுவோம்."

சோதனைக்கூடம் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை. அங்கே இருந்தவருக்குப் பேர் 'சந்தேகம்'. பெட்டி சரியாக வேலை செய்தால்தான் அவருக்கு முகம் வாடும். அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்பே நாலு மானிட்டரை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டார். போலித் துடிப்பு கொடுக்கும் சின்னக் கருவியை நாலிலும் இணைத்தார்கள். இருபது நொடிக்கு ஒருமுறை துடிப்பு எழுபத்தெட்டிலிருந்து முப்பத்தொன்றுக்கு விழும், பெட்டி அலறும், திரும்ப ஏறும். இன்னொரு பக்கம் இரண்டு கணினிகள் அதே வலைக் கம்பியில் ஓயாமல் குப்பைச் செய்திகளைக் கொட்டிக்கொண்டிருக்கும்.

"ஆஸ்பத்திரியில இவ்வளவு நெரிசல் இருக்குமா?" என்று கேட்டாள்.

"விசாரிச்சேன். அன்னிக்கு மத்தியானம் ஸ்கேன் படத்தையெல்லாம் புதுக் கணினிக்கு மாத்திட்டு இருந்திருக்காங்க. அதே தளம், அதே கம்பி." அவர் ஏதோ யோசித்து, அலமாரியிலிருந்து ஒரு கோப்பையும் எடுத்துக் கொடுத்தார். "இதையும் பாருங்க. வாடிக்கையாளர் புகார். 'பெட்டி நின்றுவிட்டது, அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது.' ரெண்டு வருஷத்துல இருநூத்திப் பன்னிரண்டு. எல்லாத்துக்கும் நம்ம பதில் ஒரே வரி: 'மின்சாரக் கோளாறு'. எனக்கு அப்பவே சந்தேகம்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? நான் சொன்னா யார் கேட்கிறா?"

செவ்வாய் சாயங்காலம் நாலு மணிக்கு ஓடவிட்டுப் போனார்கள். புதன் காலை அவள் வரும்போது மணி ஒன்பது இருபது. மூன்று பெட்டிகள் முறைப்படி அலறிக்கொண்டிருந்தன. நாலாவது அப்போதுதான் அமைதியாகியிருந்தது. கருவி கொடுப்பது முப்பத்தொன்று, திரையில் நிற்பது எழுபத்தெட்டு. மூலையில் கடிகாரம் மட்டும் நொடிக்கு நொடி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. யார் பார்த்தாலும் பெட்டி உயிரோடு இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

"நாலையும் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்து நானூத்துச் சொச்சமாவது தடவை" என்றார் சந்தேகம். சந்தோஷப்படவில்லை. முதல் தடவையாக அவர் சந்தேகம் உண்மையாகி அவருக்குக் கசந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். செவிலியர் மேசையாக வைத்திருந்த கணினியிலும் அதே எழுபத்தெட்டு. செய்தி வராவிட்டாலும் கடைசி எண்ணை மூன்று நிமிடம் காட்டிக்கொண்டிருக்கும்படி கம்பெனிதான் வைத்திருந்தது, திரை மினுக்குகிறது என்று யாரோ குறை சொன்னதற்காக. மூன்று நிமிடம் முடிந்து எண் சாம்பல் நிறமானது. அந்தச் செவிலி ஓடிவந்தது சரியாக அந்த நொடியில்தான். அவள் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. கண்ணால் கண்டதை எழுதினாள், மாறியதும் ஓடினாள். அதற்குப் பெயர் உண்மைக்கு மாறான குறிப்பு!

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மேனேஜரின் அறை கண்ணாடிச் சுவர் அறை. உள்ளே யார் திட்டு வாங்கினாலும் மாடி முழுக்கத் தெரியும். அன்று உள்ளே திட்டியது அவள். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார், நடுநடுவே தலையாட்டினார், கடைசியில் சிரித்தார்.

"ரொம்ப நல்ல வேலை. ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சுட்டீங்க. சரி பண்ணிடுங்க. அடுத்த அப்டேட்ல சத்தமில்லாம அனுப்பிடலாம்."

"அறிக்கை?"

"அது எழுதின அன்னிக்கு நமக்குத் தெரிஞ்சதை வெச்சு எழுதினது. அதுல என்ன தப்பு?"

"இன்னிக்குத் தெரிஞ்சிருச்சே."

"வெள்ளிக்கிழமை அங்க விசாரணை. அது அவங்க உள் விவகாரம், மேடம். அந்த நர்ஸுக்கு என்ன, இன்னும் ஒரு மாசம் சஸ்பெண்ட்ல வெச்சிருப்பாங்க, அப்புறம் எடுத்துக்குவாங்க. நம்ம பெட்டி நின்னு போச்சுன்னு வெளிய தெரிஞ்சா நாலாயிரம் பெட்டியையும் திரும்ப எடுக்கணும்."

"எடுக்கணும்தான்!"

"உணர்ச்சிவசப்படாதீங்க."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம்னு சொல்றீங்க சார். அந்தச் சோத்தையும் இன்னொருத்தி வாயில திணிக்கலாம்கிறீங்க. நான் உணர்ச்சிவசப்படக் கூடாதா?"

அப்புறம் சார் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தார். "நீங்க போடலைன்னா வேற யாராவது போடுவாங்க. கோட்டுக்கு மேல பதவிதான் அச்சடிச்சிருக்கு, பேர் இல்ல."

அவள் எழுந்து வெளியே வந்தாள். கதவை அறைந்து சாத்த நினைத்தாள். அது தானே மெல்ல மூடிக்கொள்ளும் வகைக் கதவு. அதுகூட அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாயங்காலம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர், அவள் பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே விஷயம் பெரியது என்று புரிந்துகொண்டு சிவப்புப் பேனாவை மூடினார். முழுவதையும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"நீ ரெண்டு வருஷம் முன்னாடியே எழுத்துல சொல்லியிருக்கே. அதை எடுத்து வை முதல்ல. நாளைக்கு உன் தலையில கட்டப் பார்ப்பாங்க."

அது சரியென்று பட்டது. மடிக்கணினியைத் திறந்து அந்த நிரலைப் பரிசீலித்த பழைய பக்கத்தைத் தேடி எடுத்தாள். அவள் எழுதியது அப்படியே இருந்தது, காரசாரமாக, எண் போட்டு, ஐந்து காரணங்களோடு. அதற்குக் கீழே அப்புறம் சாரின் பதில்: 'குறித்துக்கொண்டேன். ரிலீஸுக்குப் பிறகு செய்யலாம்.' கணவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார்.

"பார்த்தியா. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். இரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, இன்னொரு வரி. 'சரி. ஒப்புதல்.' பக்கத்தில் அவள் பெயர்.

அவள் அதை மறந்தே போயிருந்தாள். இரண்டு வருஷமாக, இல்லை, இந்த இரண்டு நாளாகவும், 'நான் அன்றைக்கே சொன்னேன்' என்பது மட்டும்தான் நினைவில் இருந்தது. அந்த வியாழக்கிழமை என்ன நடந்தது என்று யோசித்துப் பார்த்தாள். காய்ச்சலா? பிள்ளைக்குப் பரீட்சையா? யாராவது மிரட்டினார்களா? ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒன்றும் நடந்திருக்காது. சாதாரண வியாழக்கிழமை. வாதாடி அலுத்துப்போய் பொத்தானை அமுக்கியிருப்பாள்.

"எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க" என்றார் கணவர். "ஆயிரம் வரியில ஒரு வரி."

"தயவுசெஞ்சு என்னைத் தேத்தாதீங்க!" என்று சீறினாள். "ரெண்டு நாளா அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி பேசிட்டு வந்திருக்கேன். நானும்தானே கதவைத் திறந்து விட்டேன்!"

அவர் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தார். அவள் பழைய பக்கத்தை முழுவதுமாக, அந்தக் கடைசி வரியோடு, அச்செடுத்தாள்.

மறுநாள் வியாழன். காலையில் ஆபீஸ் தொலைபேசியிலிருந்தே ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டாள். அந்த டாக்டர் அம்மாள் இரண்டே கேள்வி கேட்டார்: "நீங்க கம்பெனி சார்பா பேசறீங்களா?" "இல்லை." "காட்ட ஏதாவது இருக்கா?" "இருக்கு." "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க."

வெள்ளிக்கிழமை நாலாவது பெட்டியை ஒரு துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சந்தேகம் வாசலில் நின்றார். "கம்பெனி சொத்தைத் தூக்கிட்டுப் போறீங்க. கேட்டா எனக்குத் தெரியாதுன்னுதான் சொல்வேன்" என்றார். பிறகு தானே இறங்கி வந்து போலித் துடிப்புக் கருவியைப் பையில் போட்டார். "இது இல்லாம அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

விசாரணை அறையில் ஒரு நீள மேசை, எட்டு நாற்காலி, சுவரில் கை கழுவும் முறையைக் காட்டும் படம். கண்காணிப்பாளர் நடுவில். ஒரு பக்கம் கம்பெனி சார்பில் அப்புறம் சார், புதுச் சட்டை போட்டுக்கொண்டு. அவளைப் பார்த்ததும் அவர் கை தானாகத் தண்ணீர்க் குவளைக்குப் போனது. எதிர்ப்பக்கம் அந்தச் செவிலி. நாற்பது வயது இருக்கும். சீருடை போட விடவில்லை போல, சாதாரண உடையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

துணிப்பையிலிருந்து பெட்டியை எடுத்து அவள் மேசைமேல் வைத்தாள். அறையில் இருந்தவர்கள் யாரும் நிரல் எழுதுகிறவர்கள் இல்லை. அதனால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னாள்.

"இந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு மூளை. ஒண்ணு துடிப்பைக் கணக்குப் போட்டு எச்சரிக்கை அனுப்பும். இன்னொண்ணு திரையையும் கடிகாரத்தையும் ஓட்டும். வெளியிலேர்ந்து செய்தி வந்தா நெட்வொர்க் அட்டை மூளையைக் கூப்பிடும். செய்யற வேலையை விட்டுட்டு வான்னு. அதுக்குப் பேர் இன்டரப்ட். ஆனா எச்சரிக்கை அனுப்பறது அவசர வேலை. அதனால அந்த மூளை ஒரு பூட்டைக் கையில எடுத்துக்கிட்டு, யாரும் என்னைக் கூப்பிடக் கூடாதுன்னு இன்டரப்ட்டை மூடிட்டு, எங்க டிரைவரை அனுப்பச் சொல்லும். எங்க டிரைவர் அனுப்பி முடிச்சதும், மூடி வெச்சதைக் கேட்காமலே திறந்து விட்டுடுது. அந்த நேரம் பார்த்து வெளியிலேர்ந்து ஒரு செய்தி வந்தா, மூளை அதைக் கவனிக்கப் போகும். அதுக்கும் அதே பூட்டு வேணும். பூட்டு யார்கிட்ட இருக்கு? அதுகிட்டயேதான். தான் விட்டாத்தான் தனக்குக் கிடைக்கும்னு காலம் பூரா காத்துக்கிட்டே நிக்கும். எச்சரிக்கை அட்டையிலயே தேங்கிடும். சத்தமும் வராது. ஏன்னா சத்தம் அனுப்பினதுக்கு அடுத்த வேலை. திரை மட்டும் கடைசியா வந்த எண்ணைக் காட்டிட்டே இருக்கும். அதாவது..." அவள் பெட்டியின் திரையைத் தொட்டுக் காட்டினாள். "நோயாளிக்கு ஒண்ணுமில்லாதப்போ இந்தப் பெட்டி நல்லா வேலை செய்யும். ஆபத்து வந்தாத்தான் நிக்கும்."

பிறகு சோதனைக்கூடத்தில் எடுத்த காணொளியைக் காட்டினாள். திரையில் எழுபத்தெட்டு, ஓடும் கடிகாரம், சாம்பல் நிறமாக மாறும் எண். இருநூற்றுப் பன்னிரண்டு புகார்களின் பட்டியலை மேசையில் வைத்தாள்.

கண்காணிப்பாளர் அப்புறம் சார் பக்கம் திரும்பினார். "இவங்க சொல்றது உண்மையா?"

அவர் குவளையைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினார். அவர் என்ன சொல்வார் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. குவளையைத் தள்ளி வைத்துவிட்டு, "உண்மைதான் மேடம்" என்றார். "இந்தத் தப்பைக் காட்டிக்கொடுத்த பதிவு வரியை நிறுத்தினது நான்."

அப்போதுதான் செவிலி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். அவரைப் பார்த்து அல்ல, இவளைப் பார்த்து.

"உங்களுக்கு இது எத்தனை நாளா தெரியும்?"

பெட்டி நிற்பது தெரிந்தது புதன்கிழமைதான். அப்படிச் சொல்லியிருக்கலாம், அதுவும் பொய்யாகாது. அவள் அச்செடுத்த தாளை எடுத்து, கடைசி வரி தெரியும்படி நகர்த்தி வைத்தாள்.

"தப்புன்னு தெரிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. சொன்னேன். அப்புறம் ஒப்புதலும் கொடுத்தேன்."

செவிலி தாளைத் தொடவில்லை. "பதினெட்டு வருஷ சர்வீஸ். ஒன்பது நாளா என்னைப் பொய்க்காரின்னு சொல்றாங்க. என் கையெழுத்தை லென்ஸ் வெச்சுப் பார்த்தாங்க, பின்னால திருத்தினதான்னு. என் பொண்ணு கேட்கிறா, 'அம்மா, நீ போன் பார்த்துட்டு இருந்தியா?'ன்னு. ராத்திரி படுத்தா எனக்கே சந்தேகம் வந்துருச்சு. எழுபத்தெட்டு நிஜமாவே இருந்துச்சா, நான்தான் கனவு கண்டேனான்னு." குரல் ஏறவே இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "அந்த மனுஷனோட கையை நான்தான் தேய்ச்சு விடறேன், சஸ்பெண்ட்ல இருந்தும் தினமும் வந்து. நீங்க ஒருநாளாவது வந்து பார்த்தீங்களா, உங்க பெட்டி யார் தலைமாட்டில நிக்குதுன்னு?"

"இல்ல."

"கடப்பாரையை முழுங்கிட்டு சுக்குக் கஷாயம் குடிக்கிற மாதிரி இப்ப வந்து விளக்கம் சொல்றீங்க."

"ஆமாம்" என்றாள் அவள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அந்தச் செவிலி பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்ற வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள்.

அன்றே செவிலியின் சஸ்பெண்டை ரத்து செய்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் மானிட்டர்களைக் கழற்றி வைத்துவிட்டு, வேறு பெட்டிகள் வரும்வரை செவிலியர்கள் கால்மணிக்கு ஒருமுறை கையால் நாடி பிடித்தார்கள். கண்காணிப்பாளர் எழுதிய கடிதம் அரசாங்க மேலிடத்துக்குப் போய், பத்து நாளில் நாலாயிரம் பெட்டிகளையும் நிறுத்திவைக்க உத்தரவு வந்தது. வெல்டரின் வீட்டுக்காரம்மா வழக்குப் போட்டார். அதில் சாட்சி சொல்ல அவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கம்பெனி அவளை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தது. சொத்தை வெளியே கொண்டுபோனாள் என்று ஒரு நோட்டீஸ் வந்தது. ஆனால் உத்தரவு வந்த பிறகு டிரைவரைத் திருத்த ஆள் வேண்டும், அதைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நோட்டீஸைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை. திருத்தம் என்று பார்த்தால் சின்னது. உள்ளே போகும்போது இன்டரப்ட் எந்த நிலையில் இருந்தது என்று குறித்துக்கொள், வெளியே வரும்போது அதே நிலையில் விட்டுவிட்டு வா. அதைக் கவனித்த பிறகு இன்னொன்றும் கண்ணில் பட்டது. அனுப்பி முடித்த செய்தி பிடித்திருந்த நினைவக இடத்தை அங்கேயே விடுவித்துக்கொண்டிருந்தது அந்த நிரல். இன்டரப்ட் மூடியிருக்கும்போது அது செய்யக் கூடாத வேலை, பிறகு விடுவிக்கச் சொல்லி வரிசையில் போட்டுவிட வேண்டும். மொத்தம் ஆறு வரி. எழுத இருபது நிமிடம் ஆனது. எழுதி முடித்து, அந்த ஆறு வரியையும் ஒரு மனிதனின் வலது கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மேசையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். காபிக் கோப்பை குதித்துக் கவிழ்ந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மாடியில் இப்போது யாரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, சந்தேகத்தைத் தவிர.

அப்புறம் சாரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். போகிற அன்று அவர் அவள் மேசைக்கு வந்தார். "நீங்க அன்னிக்கு அந்த வரியையும் சேர்த்துக் காட்டியிருக்க வேண்டாம்" என்றார். "நான் ஒத்துக்கிட்டதோட முடிஞ்சிருக்கும், பழி என் மேல மட்டும் நின்னிருக்கும்." அவளுக்கு அவர்மேல் இருந்த கோபம் குறையவில்லை. ஆனாலும் எழுந்து நின்று வழியனுப்பினாள். மேனேஜர் அதே கண்ணாடி அறையில்தான் இருக்கிறார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

திருத்திய பெட்டிகள் திரும்பப் போய் ஆறாவது வாரம், ஒரு பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் கைப்பேசி அடித்தது. தெரியாத எண்.

"நான்தான், சிஸ்டர் பேசறேன்" என்றது மறுமுனை. வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை. "இங்க பதினாலாம் நம்பர் படுக்கையில மூச்சு எண்ணிக்கை ரொம்ப நேரமா ஒரே எண்ல நிக்குது. நான் கையால எண்ணிட்டேன், நோயாளி நல்லா இருக்கார். பெட்டியை மாத்திட்டேன். இதை அணைக்காம அப்படியே ஓரமா வெச்சிருக்கேன், நீங்க பார்க்கணும்னு."

"இதோ வரேன், சிஸ்டர்."

நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தாள். கழற்றிப் பார்த்தால், மூச்சு அளக்கும் வயரின் முனை பாதி கழன்று தொங்கியது. நிரலில் ஒரு குற்றமும் இல்லை. ஒருமுறைக்கு மூன்று முறை சரிபார்த்துவிட்டுச் சொன்னாள்.

"வயர்தானா?" செவிலி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. "நிச்சயமா?"

"நிச்சயமா."

"சரி. ஆனா இனிமே எனக்கு எது தோணினாலும் உங்க கம்பெனிக்கு எழுத மாட்டேன். உங்களுக்குத்தான் அடிப்பேன். வேலை நேரமா, சாப்பாட்டு நேரமான்னு பார்க்க மாட்டேன்."

"அடிங்க."

செவிலி தலையை ஆட்டிவிட்டு, அடுத்த படுக்கைக்குப் போய் நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.